புகைபோக்கி வைத்த வீடு

மகனுக்கு வாங்கிய இங்கிலீஷ் பட அட்டைகளைப் பிரித்ததும் வந்த அச்சு மை வாசனையில், செண்பகனூர் மலைச்சரிவில் இருந்த, இப்போது டூரிஸ்ட் காட்டேஜாகிவிட்ட எங்கள் தகரக்கூரைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. மழை தகரத்தில் அடிக்க, டீச்சர் ஒவ்வோர் அட்டையாகத் தூக்கிக் காட்டுவார். ஈர ஸ்வெட்டர் நாற்றத்தோடு நெருக்கியடித்து உட்கார்ந்து நாங்கள் இங்கிலீஷில் பேர் சொல்லிக் கத்துவோம். ஒரு நாள் சிவப்பு ஓட்டுக்கூரையும் புகைபோக்கியுமாக ஒரு படம் வந்தது. அம்மா தினமும் வேலைக்குப் போய்க் கூட்டித் துடைக்கிற இடம் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும் என்பதால், நான் முந்திக்கொண்டு "பங்களா" என்றேன்.

டீச்சர் காதைத் திருகினார். "ஏலே, இது ஹவுஸ். மனுசங்க குடியிருக்கிற வீடு."

"அப்ப எங்க வீடு என்னங்க டீச்சர்?"

"ஒங்க வீடா? அது ஷெட்டு."

தகர வீட்டுப் பிள்ளைகள்தான் எல்லாரும், ஆனாலும் வகுப்பே சிரித்தது. டீச்சரும் அதே தகரத்தின் கீழ்தான் நின்றுகொண்டிருந்தார். சாயந்திரம் அம்மாவிடம், "இனிமே இத வீடுன்னு சொல்லாதம்மா," என்றேன். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தி, கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகவே டீச்சரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.