ஆசைக்கு அறுநூறு அடி

நல்லுசாமி அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் ஒரு காய்கறிக் கடையில் கொத்தவரங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மத்தியானம் படுத்தவரு எந்திரிக்கவே இல்லீங்க" என்றாள். சரி என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கடைக்காரர் தோளைத் தொட்டுக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றிருக்கிறேன். மத்தியானத் தூக்கம் அண்ணனுக்கு உயிர். அதில்தான் கனவு வரும் என்பார்.

அவரோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் ஊர் ஊராய்ப் போனவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்செங்கோட்டு வண்டி ஒன்றில் அவர் டிரில்லர், அதாவது துளை போடுகிறவர். அதே வண்டியில் நான் ஐந்து வருடம் மேனேஜர். பேர்தான் பெரிது, துளைக்குள் இருபதடி இரும்பு ராடு எத்தனை இறங்கியது என்று நோட்டில் குறிப்பதும் ஆட்களுக்குச் சோற்றுக்கு ஏற்பாடு செய்வதும்தான் வேலை. யார் யார் காட்டிலோ தண்ணீர் வரவழைத்த மனிதருக்கு, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த சொந்தக் காடான இரண்டு ஏக்கர் நிலமும் வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு போர் போட்டுத் தண்ணீர் பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையிடம் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆழத்தை அவர் அடிக்கணக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. முந்நூறு அடிவரை தேவை, அறுநூறுவரை ஆசை, தொள்ளாயிரம்வரை லட்சியம், அதற்கு மேலே வெறி. ஒவ்வொரு எல்லையிலும் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுக்காரர் முன்னால் போய் நிற்பார். மேச்சேரிப் பக்கம் ஒரு பெரியவர் காட்டில் அறுநூறிலும் தண்ணீர் இல்லை, வெறும் புகைதான். மனுசர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, ஆசை முடிஞ்சு போச்சுங்க. லட்சியத்துக்குப் போலாமுங்களா, நிறுத்திப்போடலாமுங்களா?"

"ரண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"ஆசைக்கு நீங்க மட்டும் கஷ்டப்பட்டாப் போதுமுங்க. லட்சியம்னா ஊட்டுல அத்தன பேரும் படோணுமுங்க."

பெரியவர் யோசித்தார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வண்டி ஓடும்போது கல்மாவு பறந்து வெயிலையே மறைத்துவிடும். மரம், மாடு, மனிதர் எல்லாம் வெள்ளையாய்த் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருக்கும். அந்தப் பேரிரைச்சலிலும் மதியச் சோற்றுக்குப் பிறகு வேறு ஆளிடம் வண்டியை விட்டுவிட்டு அண்ணன் வேப்பமரத்தடியில் கண்ணயர்வார். எழுந்ததும் கனவைச் சொல்வார். தம் காட்டில் கணுக்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கிறார்; கரை தெரியவில்லை; எங்கிருந்தோ மனைவி கூப்பிடுகிறார். "காலு சில்லுன்னு இருக்குது சாமி, தொட்டுப் பாரு" என்பார். தொட்டுப் பார்த்திருக்கிறேன். சத்தியமாகச் சில்லென்றுதான் இருந்தது.

ஒரு சித்திரையில் முதலாளி சம்மதித்து, அண்ணன் காட்டுக்கே வண்டியைக் கொண்டுபோனோம். தேவை போயிற்று. ஆசை போயிற்று. நாற்பத்தைந்தாவது ராடோடு லட்சியமும் முடிந்தது. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. வழக்கப்படி காட்டுக்காரரைக் கேட்க வேண்டும், காட்டுக்காரரோ அவரேதான். சுற்றும்முற்றும் பார்த்தவர், தம் மனைவி முன்னால் போய்க் கைகட்டி நின்று, "லட்சியம் முடிஞ்சுதுங்க" என்றார். அந்த அக்கா சிரிக்கவில்லை. "போதும், வாங்க. கை கழுவீட்டுச் சாப்புடுங்க" என்றார். "இன்னும் ரண்டு ராடு பாக்கலாங்ணா" என்று நச்சரித்தது நான்தான். அவர் காதில் வாங்கவே இல்லை. குழியை மூடிப் பெரிய கல் ஒன்றை உருட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த மாதமே பக்கத்துக் காட்டுக்காரர் வண்டி கேட்டார். வேறு டிரில்லரை அனுப்பலாம் என்றேன். "நானே வாரேன்" என்றார் அண்ணன். நானூற்று எண்பதில் புகை ஈரமாகி, சேறாகி, பிறகு தென்னை உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அந்தக் குடும்பமே நனைந்து கூத்தாடியது. அண்ணனும் தண்ணீரில் தலையைக் காட்டிச் சிரித்தார். பிறகு வண்டிக்கு மறுபுறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் வழிந்ததெல்லாம் போர்த் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

"பொறாமையா இருக்குது சாமி. அது எத்தன அடின்னு எனக்குத் தெரியில. இன்னும் எறங்கிக்கிட்டே இருக்குது."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. எழுந்து போய்க் காட்டுக்காரரிடமே சொன்னார்: "உங்க தண்ணியப் பாத்தா வயிறு எரியுதுங்க." அந்த மனிதர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வெகுநேரம் அந்தச் சேற்றிலேயே நின்றார்கள்.

எழுத வந்த பிறகு லட்சியம், கனவு என்று எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். கூட எழுதுகிறவன் பரிசு வாங்கினால் மட்டும் "மகிழ்ச்சி" என்று ஒற்றை வார்த்தை அனுப்பிவிட்டு, அன்றைக்குச் சோறு இறங்காமல் சுருண்டு படுத்துவிடுவேன். அண்ணன் உடலை எடுத்த மறுநாள், சமீபத்தில் பரிசு வாங்கிய நண்பனுக்குப் போன் போட்டேன். "உன் கதையைப் படிச்சதுல இருந்து உம்மேல பொறாமையா இருக்குதுடா" என்றேன்.

அவன் மெல்லக் கேட்டான்: "நெசமாலுமே அவ்வளவு நல்லாவா இருக்குது?"

பாராட்டிய அத்தனை பேரும், பொறாமைப்படும் அளவுக்கு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் அவனுக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று இரண்டு தடவை சொன்னேன். நல்லுசாமி அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது இதைத்தான்: பொறாமையைப் பொறாமை என்றே, உரியவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது.