நின்றால் மறக்கும் சூரா

எங்கள் வீட்டில் அந்தித் தொழுகையான மஃரிபுக்கு நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் தொழுவோம். ஊரைவிட்டு வந்து ஏரவாடாவில் குடியேறிய நாளிலிருந்து அது பழக்கம். அவர் முன்னால் நின்று சத்தமாக ஓதுவார், நான் பின்னால் நிற்பேன். முன்னால் நிற்பவர் பிசகினால் பின்னால் நிற்கும் பெண் பேசக்கூடாது, கையைத் தட்ட வேண்டும். முப்பது வருஷத்தில் நான் தட்டியதே இல்லை.

அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து மூன்றாம் வருஷம் தட்ட ஆரம்பித்தேன். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவிலிருந்து எழுந்து நின்றதும், குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா பாதியில் நின்றுவிடும். மறுபடி ஆரம்பிப்பார், மறுபடி நிற்கும். ஒருநாள் ஒரே ரக்அத்து முடிந்த கையோடு, இரண்டாவதுக்கு எழாமல் இருப்பில் உட்கார்ந்துவிட்டார். தட்டினேன். தொழுகை முடிந்ததும் தன் முசல்லா விரிப்பைச் சுருட்டினார்.

“இனிமே நீ தனியாத் தொழுதுக்க புள்ள” என்றார். “சின்னப் புள்ளைக்குத் தெரியிற சூராகூட எனக்கு மறந்துபோச்சு. இந்த ஓட்டைத் தலைய வச்சிக்கிட்டு ஒனக்கு முன்னால நிக்கக் கூடாது.”

அடுத்த நாளிலிருந்து முசல்லா ஒன்றுதான் விரித்தேன். அவர் புத்தியே போய்க்கொண்டிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன். அல்லாஹ்விடம் அழுதேன். ஆனால் கட்டிலில் சாய்ந்து திக்ரு ஓதும்போது அந்தச் சூராவிலும் அவருக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாது. இது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மாதாந்திரம் காட்டும் டாக்டரம்மாவிடம் என் உடைந்த ஹிந்தியில் அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார்.

“சாச்சா, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்க.”

ஏழையும் சொன்னார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பிரஷர் பார்த்து, அதையே கேட்டார். வியாழனில் நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. நான் தோளைப் பிடித்தேன்.

“நின்னா பிரஷர் சரசரன்னு எறங்குது. தலைக்கு ரத்தம் பத்தல, யோசனையும் தடுமாறுது” என்றார் டாக்டரம்மா. “இந்த நோய்ல இது வரும். எல்லா மறதியும் இதனாலன்னு சொல்ல மாட்டேன். இதுல ஒரு பங்கு இருக்கு. பழைய பிரஷர் மாத்திரை இன்னும் போடுறாரா? உப்பு?”

பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிக்கொடுத்த மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறாமல் நான்தான் கொடுத்தேன். பிரஷர்காரர் என்று அவர் சோற்றில் உப்பையும் நான்தான் நிறுத்தியிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு டாக்டரிடம், “பத்து வருஷமா ஆஸ்பத்திரிச் சாப்பாடு போட்டிருக்கா டாக்டர், நீங்களே கேளுங்க” என்று சிரித்தார்.

டாக்டரம்மா அந்த மாத்திரையை நிறுத்தினார். உப்பை அளவாகச் சேர்க்கச் சொன்னார். எழுவதற்கு முன்னால் தண்ணீர், கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்காருவது, பிறகுதான் நிற்பது. தொழுகை நாற்காலியில்.

நாற்காலிக்குத்தான் அவர் மசியவில்லை. “உக்காந்துக்கிட்டு நான் எப்படி ஒனக்கு இமாமத்துச் செய்ய?” பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தேன். முடியாதவர் உட்கார்ந்தே தொழவைக்கலாம், நான் நின்று தொழ வேண்டும் என்றார்.

சில வாரம் கழித்து ஒரு மஃரிபுக்கு அவரே, “ரெண்டா விரி புள்ள” என்றார். நாற்காலியை நான்தான் தொழும் திசையான கிப்லா பக்கம் திருப்பிப் போட்டேன். ஓதினார். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது ரக்அத்திலும் நிற்கவில்லை. தட்டுவதற்குத் தயாராக இருந்த என் கை எப்போது தளர்ந்தது என்று தெரியாது. அவர் குனிந்து, நிமிர்ந்து, சஜ்தாவும் முடித்துவிட்டார். நான் கேட்டுக்கொண்டே நட்டுவைத்த மாதிரி நிற்கிறேன்.

மூன்றாவது ரக்அத்தையும் முடித்து, கடைசிச் சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தார்.

“ஏ புள்ள, இன்னைக்கு ஒனக்குக் கை தட்ட ஆளில்லாமப் போச்சே.”

அவரோடு குனியாமல் நின்றதில் என் தொழுகை போய்விட்டது. முதலிலிருந்து தொழுதேன். நான் முடிக்கும்வரை அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சலாம் கொடுக்கையில் ஓரக்கண்ணால் பார்த்தேன். நடுங்குகிற இரண்டு கையையும் தட்டுவதற்குத் தோதாக மடியில் வைத்திருந்தார்.