உயிருள்ள முகம்

இளையவனுக்குப் பிணவறையில் வேலை. அங்கே வரும் ஆண்களின் முகத்தை மழித்து, வீட்டார் பார்க்கும்படி ஒப்படைப்பது அவன் பொறுப்பு. சவரக் கத்தி பிடிக்கக் கற்றதும் அங்கேதான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை; செத்தவரும் "எரியுதுப்பா" என்று சொல்லப் போவதில்லை. முதல் முகத்திலேயே கீறிவிட்டான். ரத்தம் வரவில்லை, தப்பித்தோம் என்றிருந்தான். காலையில் பார்த்தால் கீறல் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. "எங்கப்பாவ யாரு கீறினது?" என்று கேட்ட மகளின் குரல் இன்றும் அவனைத் தூங்கவிடுவதில்லை.

அன்றிலிருந்து கத்தியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால், கூர் பின்னால் வரும்படி தோல்வாரில் இழுத்துத் தீட்டுவான். முடித்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி மடக்குவான். மழிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்வான். சரசரவென்று கேட்டால் கூர் சரி. சத்தம் மங்கினால் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் அந்தக் கையிடம் உயிருள்ள எவனும் முகத்தைக் கொடுத்ததில்லை. இனி அது மனிதரைத் தொட லாயக்குதானா என்ற பயம் அவனை அரித்தது.

அண்ணனுக்கு மறுநாள் நெஞ்சில் அறுவை சிகிச்சை. தாடி மண்டிக் கிடந்தது; அவருக்கோ கை நடுக்கம்.

"தம்பியே பண்ணட்டும்," என்றார்.

"வேணாங்க. அந்தக் கையால..." அண்ணி மீதியை விழுங்கினாள்.

"புதுக் கத்திதான் அண்ணி. இன்னிக்குத்தான் தீட்டினேன்."

கத்தியை வைத்தான். அண்ணனின் கன்னம் அவன் விரல்களைச் சுட்டது. தொண்டையில் நாடி துடித்தது. அண்ணன் எச்சில் விழுங்கும்போதெல்லாம் இவன் கத்தியை எடுத்துவிட்டான்.

"அசையாம இருங்கண்ணா."

இப்படி ஒருவரைக் கெஞ்ச வேண்டிய தேவை அவனுக்கு இதுவரை வந்ததே இல்லை.

ஒரு கீறல் இல்லை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தான். அப்பாடா என்றிருந்தது. அப்போது கை தன்பாட்டுக்கு நெற்றியிலிருந்து கீழே இறங்கி, அண்ணனின் இமைகளை மூடியது. பிணவறையில் கடைசி வேலை அதுதான்.

உள்ளங்கையில் இமைகள் அசைந்தன. இத்தனை வருஷத்தில் அந்தக் கைக்கடியில் ஒரு கண்ணும் திறந்ததில்லை. இளையவன் அலறிப் பின்வாங்கினான். தண்ணீர்க் கிண்ணம் உருண்டது.

"கத்த வேண்டியவன் நான்டா," என்றார் அண்ணன்.

அண்ணி சுவரோடு ஒட்டி நின்றாள். இளையவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அண்ணன் மழமழவென்றிருந்த கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு ஒருவேளை நான் எழுந்திருக்கலன்னா, நீயே வாடா. வேற எவனும் என்னைத் தொட வேணாம்."

இளையவன் கைகளை முன்னால் கொண்டுவந்து, கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி மடக்கினான்.