மிசின் திருத்தும் அக்கா

நிரந்தரமான அரசாங்க வேலையை விடும் துணிச்சல் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மல்லாவியில் நீர் இறைக்கும் மிசின் திருத்தும் அந்த அக்கா, முன்பு என்னைப் போலவே கையொப்பமிட்டுவிட்டு அலுவலகத்தில் நாள் முழுக்கச் சும்மா இருந்தவர். எங்கள் தோட்டத்து மிசினைக் கொண்டுபோயிருந்தேன். அவருக்கு முழங்கைவரை கிறீஸ். கயிற்றை இழுத்ததும் மிசின் உறுமியது. அவர் துள்ளிக் கைதட்டினார். ஒவ்வொரு மிசினுக்கும் அப்படித்தானாம்.

"பென்சன் போச்சே, கவலையில்லையோ அக்கா?"

"பென்சனுக்காக முப்பது வருசம் கொட்டாவி விடச் சொல்லுறீரோ, தங்கச்சி?"

எனக்கும் நெஞ்சு துள்ளியது. அன்றே விலகல் கடிதம் எழுதினேன். வீட்டில் தையல் வகுப்புத் தொடங்க ஆசை. மகளுக்கு இரண்டு வயதுதான். "உம்மட விருப்பம்" என்கிறார் கணவர். கடிதத்தைக் கொடுக்கட்டுமா? நீங்களாவது சொல்லுங்கள்.