மடியில் வந்த சேவல்

மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனால் சேவல் கொடுக்கிறேன் என்று, காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் எங்கள் அம்மனிடம் வேண்டியிருந்தேன். பேத்தி பிறந்து குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டாள். வேண்டுதல் தள்ளிப்போகப் போக, அவள் தும்மினால்கூட அம்மன் கோபமோ என்று திருநீறு பூசுவேன்.

எங்கள் கோவில்பத்துப் பக்கம் சேவலின் காலைக் கட்டி, வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் கொண்டுபோவோம். அது சட்டப்படி குற்றம் என்று செல்போனில் ஒரு வீடியோ வந்தது. ஏழாவதோடு நின்றவள் நான். சட்டம் என்றாலே பயம். சாமிக்கு வெட்டலாமாம், தொங்கவிடக் கூடாதாம். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"அந்தச் சட்டத்துல புருஷனுக்கு ஏதாச்சும் போட்டிருக்கான்னு பாரு" என்றார் வீட்டுக்காரர்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து சேவலை மடியில் வைத்துக்கொண்டேன். மிரளாமல் இருக்க முந்தானையால் மூடினேன். எல்லை ஊரான பூவம் வரைக்கும் வயல்மேல் பனி புகைபோலக் கிடந்தது. வண்டி ஓடுகிறதா, வயல்தான் ஓடுகிறதா என்று தெரியவில்லை. மடிச்சூட்டில் சேவல் தூங்கிப்போனது. எனக்கும் கண் சொக்கியது.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். காரைக்காலிலிருந்து போகிறவர்களிடம் மது பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் மடியோ மேடாக இருந்தது.

"முந்தானைக்குள்ள என்னம்மா?"

பிடுங்கிக்கொண்டால் வேண்டுதல் என்னாவது? துணியை விலக்கினேன். சேவல் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.

"தொங்க விடலைங்க சார்" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச் சொன்னார்.

கோயிலில் பூசாரி அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சேவல் சிலிர்த்துத் தலையை உதறினால்தான் அம்மன் உத்தரவு, பிறகுதான் கத்தி. அது உதறவில்லை. மறுபடியும் தெளித்தார். தூக்கக் கலக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது.  அம்மன் என் வேண்டுதலையே தள்ளிவிட்டாளோ?

பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். "உசுரோட விடச் சொல்றா. விட்டுட்டுப் போங்க."

"அப்ப வேண்டுதல் தீந்துச்சாங்க?"

"தீந்துச்சும்மா."

இறக்கிவிட்டேன். அது எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாததுபோல் கொஞ்சம் நின்று, மெதுவாக மரத்தடிக்கு நடந்தது.

மனசு கேட்காமல் மகளுக்குப் போன் போட்டேன். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்றாள். மூச்சு சீராக இருக்கிறதா பார் என்றேன். அலுத்துக்கொண்டே அவள் போனைக் குழந்தையின் மூக்கருகே வைத்தாள். காற்றுபோல ஏதோ வந்து வந்து போனது. வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பிய பிறகும் நான் போனிலிருந்து காதை எடுக்கவில்லை.