என் மகளுக்குக் கிடைத்த தாய்மாமன்

என் அம்மாவும் பெரியம்மாவும் அச்சு அசல் ஒரே முகம். பெரியம்மா சில நிமிடங்கள் முன்னால் பிறந்தவர். அந்தச் சில நிமிடங்களை வைத்துக்கொண்டு இன்றுவரை என் அம்மாவை அதட்டிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ஆளுக்கொரு பிள்ளை: அங்கே அண்ணன், இங்கே நான். பார்த்தவர்கள் எல்லாரும் எங்களைக் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைப்பார்கள். அதே மூக்கு, அதே முன்கோபம்.

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும் மாமியார் குண்டைத் தூக்கிப் போட்டார். "தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும். உனக்குத்தான் கூடப்பொறந்தவன் இல்லியே. அவ அப்பன், என் புள்ள மடியிலயே குத்திடலாம்."

"எங்க அண்ணன் இருக்காரே அத்தை?"

"அது ஒன்னுவிட்ட அண்ணன்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரட்டையர் இருவருக்கும் மரபணு ஒன்றுதான், ஆகவே ரத்தக் கணக்கில் அண்ணனும் நானும் ஒரே தாய்க்கு வேறு வேறு தகப்பனிடம் பிறந்தவர்கள் மாதிரிதான் என்று இட்லி வேகும் வரை விளக்கினேன். "இன்னாம்மா பேஜார் பண்ற! வெளிய சொல்லாத, சிரிப்பாங்க" என்று சட்னி தாளிக்கப் போய்விட்டார்.

களம்பூர் ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் அண்ணனோ ஏற்கெனவே தங்கத்தில் குட்டித் தோடு வாங்கி வைத்திருந்தான். போனில் சொன்னேன். "பரவால்ல, நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன்" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விழாவன்று மண்டப வாசலில் மாமியார் தாம்பூலத் தட்டோடு நின்றார். அம்மா வீட்டுப் பட்டுத் தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் ஒரே நிறத்தில் சில சேலைகள் இறங்கும். அதில் அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். அன்றும் இருவரும் அதே மயில்கழுத்து நிறப் பட்டு. அம்மா ஆட்டோவுக்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, பெரியம்மா முதலில் படியேறினார்.

"வாங்க சம்பந்தியம்மா!" மாமியார் குங்குமம் வைத்து, புடவை, வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டினார். தெருவையே கூவி எழுப்புகிற பெரியம்மா, வாயைத் திறக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்னாலேயே அம்மா வந்து நின்றார். மாமியார் இந்த முகத்தைப் பார்த்தார், அந்த முகத்தைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் சம்பந்தி என்று கூப்பிட்டுக் கொடுத்த தட்டை எப்படித் திருப்பிக் கேட்பது?

"நானும் இப்போ சம்பந்திங்க. அப்போ எம்புள்ள யாருங்க?" என்றார் பெரியம்மா.

மண்டபமே சிரித்தது. என் கணவர்தான் முதலில் கைதட்டினார். "சரி சரி, ஜல்தியா உக்காரச் சொல்லுங்க, நல்ல நேரம் போவுது" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குதிக்காத குறை.

அண்ணன் மடியில் மகள் உட்கார்ந்தாள். ஆசாரி அவள் காது மடலைப் பிடித்துப் பார்த்தார். "கன்னத்தோட ஒட்டிகினு இருக்குதே" என்றவர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "மாமன் காதும் இதே மாதிரிதான்!" மாமியார் கிட்டே வந்து அண்ணன் காதைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார், கடைசியாகச் சம்பந்திகள் இருவரின் காதுகளையும் தொட்டே பார்த்துவிட்டார்.

ஊசி இறங்கியது. மகள் வீறிட்டாள். அவளைவிட அதிகமாக அண்ணன் அழுதான், மூக்கு சிவக்க, வெட்கமில்லாமல்.

மாமியார் முந்தானையால் முதலில் அவன் முகத்தைத்தான் துடைத்தார். "தாய்மாமன் நீயே அழுதுகினு இருந்தா, புள்ளைய யாருப்பா தேத்தறது?"