தூக்கு என்று கேட்கத் தெரியாத பிள்ளை

அன்று என்னைத் தடுத்தது என் காலா, நானா? மூன்று மாதமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை.

மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்புகளின் உறை தேய்கிற நோய் எனக்கு. மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது கண்டுபிடித்தார்கள். இடது கால் சற்றுப் பிந்தி வரும். ஒரேயொரு தடவை குசினியில் சமைக்கும்போது விழுந்தேன். அப்போது மகள் என் கையில்கூட இல்லை, அறையில் நித்திரை. ஆனாலும் அன்றிலிருந்து நின்றபடி அவளைத் தூக்கியதில்லை. கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் மடியில் எடுப்பேன்.

கணவர் வேலைக்காகக் கட்டாரில். நானும் மகளும் துறைமுகப் பக்கம் வாடகை வீட்டில். கப்பல் ஊதினால் அவள் யன்னலடிக்கு ஓடுவாள். தூக்கிக் காட்டினால்தான் தெரியும். கப்பல் அவளுக்கு இன்னும் ஒரு சத்தம் மட்டும்தான்.

ஆஸ்பத்திரி இயன்மருத்துவப் பிரிவில், கிண்ணியாவிலிருந்து வந்து பயிற்சி தரும் மிஸ் முதல் நாளே கேட்டார்: "எத்தின தரம் விழுந்தீங்க?"

"ஒருக்கா, மிஸ்."

"விழப்போறன் எண்டு நினைச்சது?"

"ஒவ்வொரு நாளும், மிஸ்."

"அப்ப காலுக்கு மட்டும் வேலை குடுத்தாக் காணாது" என்றார்.

பாயில் இறங்கி உட்காரவும், கதிரையைப் பிடித்து எழும்பவும் பழக்கினார். தலையைத் திருப்பியபடி நடக்க வைத்தார். கடைசியில் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து நடக்கச் சொன்னார். பிறகு பத்து.

"அரிசி உதைக்காது, வீட்டில இருக்கிறது உதைக்கும். ஆரையும் பக்கத்தில நிக்க வெச்சு, சுவரோட சாஞ்சு நிண்டு தூக்கிப் பாருங்க."

ஆரை என்று கேட்க வாய் வரவில்லை. வீட்டில் காலையும் மாலையும் தவறாமல் அரிசியைத் தூக்கினேன். கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் சரி போட்டேன். மகளைத் தூக்கவில்லை.

ஒரு நாள் எதிர் வீட்டு அன்ரி வந்து மகளிடம் இரண்டு கையையும் நீட்டினார். மகள் அவரது விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதிரையைக் காட்டினாள். "இரு" என்று உட்காரச் சொன்னாள்.

"எனக்கு முழங்கால் நோவெண்டு இவவுக்கு ஆர் சொன்னது?" என்று அன்ரி சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் விளங்கியது. மற்றப் பிள்ளைகள் "தூக்கு" என்று கேட்பதை என் பிள்ளை "இரு" என்று கேட்கிறாள்.

அடுத்த கிழமை வாசல் கேற்றடியில் பூனையைத் துரத்தி ஓடி, சரளைக் கல்லில் விழுந்தாள். முழங்காலில் இரத்தம். நான் சுவரைப் பிடிக்காமலே போய்விட்டேன். கால் பிந்தவில்லை. குனிந்து அவளது கக்கத்தில் கையும் வைத்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே பக்கத்து மண்ணைத் தட்டினாள்.

"இரு அம்மா, இரு."

தூக்காமல் மண்ணில் இருந்துவிட்டேன். அவள் மடியில் ஏறினாள்.

மிஸ்ஸிடம் சொன்னபோது, "தனிய எழும்பினீங்கதானே, நல்லம்" என்றார். பிறகு, "பிள்ளையோடயா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ். அவளை முதல் இறக்கி விட்டிட்டு."



அன்ரியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். ஆனால் அவருக்கு என் நோய் தெரியாது. முதுகு நோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பிள்ளைக்கு ரெண்டு வயசாகுது, இன்னும் முதுகு நோவோ?" என்று அவரும் சாடையாகக் கேட்கிறார். சொன்னால் அவரும் "கவனம்" என்று சொல்லத் தொடங்கிவிடுவார் என்று பயம். கணவர் தினமும் தொலைபேசியில் சொல்வது அதுதான். யன்னலடியில் முக்காலி வைக்கலாம் என்றும் யோசித்தேன். அதிலிருந்து அவள் விழுந்தால்?

இப்படி ஒரு நோயோடு பிள்ளை வளர்த்தவர்கள் இதை வாசித்தால் எழுதுங்கள். முதல் தடவை தூக்கியபோது பக்கத்தில் ஆர் நின்றது? அவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்? எங்கள் யன்னல் என் நெஞ்சளவு உயரம். மகள் பதினொரு கிலோ.